அண்டக் கதிரின் தடம் கண்ட பிபா சௌத்ரி அம்மையார்

நம் கல்விச் சங்கத்தின் வெள்ளி விழா மலருக்குச் சான்றோர் ஒருவரின் வாழ்க்கை வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் நம்மைப் பணித்தனர். அண்ணல் அம்பேத்கரைப் பற்றியும், மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் பிறந்து நம் மாவட்டத்திற்குப் பெருமை சேர்த்த இரட்டைமலை சீனிவாசனாரைப் பற்றியும் எழுத நம்மினும் தகுதி வாய்ந்தோர் உளர். ஆகவே நாம் வேறொருவரை எடுத்துக்கொண்டோம். அவர் வங்கத்துப் பெண்மணி, பெயர் பிபா சௌத்ரி, இயற்பியல் அறிஞர். அவர் மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேலாகின்றன. இன்று வானத்து விண்மீன் ஒன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

அவர் நம் சமுதாயத்தவர் அல்லர். ஜமீன் குடியின் வழிவந்தவர், தந்தையார் மருத்துவர். அவ்வாறிருக்க இம்மலரில் அவருக்கு ஏன் இடம் என்று இளைஞர் சிலர் கேட்கலாம். நியாயமான கேள்விதான். படித்து முடிக்கும்போது அவர்களே விடை கண்டுகொள்வர் என நம்புகிறோம். இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நாம் பயின்றது வரலாறு, இயற்பியல் அன்று. நம் பள்ளியின் இயற்பியல் ஆசிரியரைப் பல மாலைப் பொழுதுகளில் வருத்திக் கேட்டறிந்தவற்றையே கீழே எழுதுகிறோம்.

ஆண்டுதோறும் நம் பள்ளி மாணவரை மாமல்லபுரத்துக்கும் கல்பாக்கத்துக்கும் அழைத்துச் செல்வது வழக்கம். ஓராண்டு கல்பாக்கம் அணுமின் நிலையத்தைப் பற்றிப் பேசிக்கொண்டே கடற்கரையில் நடக்கையில், எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, அணுவைக் கண்ணால் கண்டவர் யாருமில்லையே, அதனுள் இன்னின்னது இருக்கிறதென்று எப்படிச் சொல்கிறார்கள் என்று கேட்டாள். நமக்கு உடனே விடை தோன்றவில்லை. உடன் வந்த இயற்பியல் ஆசிரியர்தாம் ஈர மணலைச் சுட்டிக் காட்டினார். நண்டு ஒன்று ஓடி வளைக்குள் புகுந்த தடம் அதில் இருந்தது. நண்டு கண்ணில் படவில்லை. எனினும் அது எத்திசையில் ஓடிற்று, பெரியதா சிறியதா, எங்கே தயங்கிற்று என்பதெல்லாம் தடத்தில் தெரிந்தன. அணுவினும் நுண்ணிய துகள்களையும் இவ்வாறே தடம் பார்த்து அறிகிறார்கள். அவ்வாறு தடம் பார்ப்பதையே வாழ்நாள் தொழிலாகக் கொண்டவர் பிபா அம்மையார்.

அவர் 1913ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 3ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் பங்கு பிஹாரி சௌத்ரி. தாயார் ஊர்மிளா தேவி. தாயார் பிரம்ம சமாஜக் குடும்பத்தினர். பெண்மக்களைப் படிக்க வைப்பதைக் கடமையாகக் கொண்ட சமாஜம் அது. பெண் கல்விக்குப் பெயர்பெற்ற பெத்யூன் பள்ளியிலும், பின்னர் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியிலும் பயின்று, 1936இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் இயற்பியலில் முதுகலைப் பட்டம் பெற்றார். அவ்வாண்டு அவ்வகுப்பில் அவர் ஒருவரே பெண்.

பட்டம் பெற்றதும் ஆராய்ச்சி செய்ய விரும்பிப் பேராசிரியர் தேபேந்திர மோகன் போஸை அணுகினார். இவர் விஞ்ஞானி ஜகதீச சந்திர போஸின் உறவினர், நல்லவர், ஆயினும் பெண்களுக்கேற்ற ஆராய்ச்சிப் பொருள் தம்மிடம் இல்லை என்று முதலில் தயங்கினார். பிபா அம்மையார் திரும்பிப் போய்விடவில்லை. விடாது வேண்டி அவ்வாய்வுக்கூடத்தில் இடம் பெற்றார். அடுத்த ஐந்தாறு ஆண்டுகளில் அப்பேராசிரியருடைய புகழ்பெற்ற ஆய்வுகளில் துணைநின்றவர் அவரே.

1938 சனவரியில் இந்திய அறிவியல் பேரவையின் மாநாடு கல்கத்தாவில் கூடிற்று. அது அப்பேரவையின் வெள்ளி விழா மாநாடு என்பதை இவ்வெள்ளி விழா மலரில் குறிப்பிடுவதில் நமக்கொரு மகிழ்ச்சி. அதற்கு வந்திருந்த வெளிநாட்டு அறிஞர்களில் ஜெர்மனியின் போத்தே ஒருவர். ஒளிப்படத் தகடுகளைக் கொண்டு அண்டக் கதிர்களை ஆராயலாம் என்ற பேச்சு அங்கே எழுந்தது. அண்டக் கதிர் என்பது வானவெளியிலிருந்து இடைவிடாது பூமிமீது பெய்துகொண்டிருக்கும் நுண்துகள் மழை. முதலாண்டு ஐரோப்பாவில் மரியட்டா பிளாவ், ஹெர்த்தா வம்பாக்கர் என்ற பெண்மணிகள் இருவர் ஆல்ப்ஸ் மலைமேல் வைத்த தகடுகளில் அணுக்கரு சிதறியதால் உண்டான விண்மீன் போன்ற வடிவங்களைக் கண்டிருந்தனர்.

தகட்டின் வேலை இது. அக்காலத்துப் புகைப்படக்காரர் பயன்படுத்திய கண்ணாடித் தகட்டின்மேல் வெள்ளி புரோமைடு கலந்த மெல்லிய பூச்சு இருக்கும். மின்னூட்டமுள்ள துகள் ஒன்று அப்பூச்சை ஊடுருவிப் போனால், தகட்டைக் கழுவும்போது அது போன வழி நெடுகக் கரும்புள்ளிகள் கோலப்புள்ளிகள் போல வரிசையாகத் தோன்றும். மெல்லச் செல்லும் துகள் நெருக்கமான புள்ளிகளை இடும். விரைந்து செல்வது இடைவெளி விட்டு இடும். எடை குறைந்த துகள் வழியில் இங்குமங்கும் தள்ளுண்டு வளையும். எடை மிகுந்தது நேரே போகும். புள்ளிகளின் நெருக்கத்தையும் வழியின் நெளிவையும் அளந்தால் துகளின் எடையைக் கணக்கிட்டு விடலாம்.

காற்று மண்டலம் அண்டக் கதிர்களைப் பெரிதும் தடுத்துவிடுவதால் உயரமான இடம் வேண்டும். போஸும் பிபா அம்மையாரும் டார்ஜிலிங்கில் சுமார் 7,000 அடி உயரத்திலும், சந்தக்புவில் சுமார் 12,000 அடி உயரத்திலும், திபெத்தின் பாரி ஜோங்கில் 14,000 அடிக்கு மேலும் தகடுகளை வைத்தனர். அவற்றைப் பல மாதம் அங்கேயே விட்டுவைத்துப் பின் கல்கத்தாவுக்குக் கொண்டுவந்து கழுவி, உருப்பெருக்கியின்கீழ் வைத்து ஆராய்ந்தனர். ஒரு தடத்தின் நீளம் மில்லிமீட்டரின் சிறு பகுதியே. உள்ளங்கையளவுத் தகட்டையும் மயிரிழை மயிரிழையாக நகர்த்தித் தேட வேண்டும். கண் எரியும், கழுத்து மரத்துப்போகும். நாள் முழுதும் தேடியும் ஒன்றும் அகப்படாத நாள்களே மிகுதி. வயலில் களை பறித்த நம் தாய்மார்க்கு இவ்வேலையின் தன்மையை விளக்கத் தேவையில்லை.

இவ்வுழைப்பின் பயனாக, எலக்ட்ரானைவிட ஏறத்தாழ 200 மடங்கு எடையுள்ள துகள்களின் தடங்கள் அவர்களுக்குக் கிட்டின. எலக்ட்ரானுக்கும் புரோட்டானுக்கும் இடைப்பட்ட எடையுடையவை என்பதால் இவற்றை மெசான் என்றனர். இம்முடிவுகள் 1940 முதல் 1942 வரை இங்கிலாந்தின் நேச்சர் இதழில் கட்டுரைகளாக வெளிவந்தன.

அடுத்து நடந்ததுதான் நம் இளைஞர் நின்று படிக்க வேண்டிய பகுதி. அவர்களிடம் இருந்தவை ஹாஃப்டோன் எனப்படும் குறைந்த உணர்திறனுள்ள தகடுகள். எல்லாத் துகளும் அவற்றில் தெளிவாகப் பதியா. ஃபுல்டோன் எனப்படும் மேம்பட்ட தகடுகள் இருந்தால் கணக்குத் துல்லியமாகும் என்பது அவர்களுக்குத் தெரிந்தே இருந்தது. ஆனால் அது உலகப் போர்க்காலம். அத்தகடுகள் கல்கத்தாவுக்கு வந்து சேர வழியில்லை. ஆராய்ச்சி அவ்வளவில் நின்றது.

போர் முடிந்தபின் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் செசில் பவல் என்பார் இதே முறையை மேம்பட்ட தகடுகளோடு கையாண்டார். 1947இல் அவர் குழுவினர் மெசான்களில் இரு வகை உண்டென்றும், பை மெசான் சிதைந்து மியூ மெசானாக மாறுகிறதென்றும் காட்டினர். 1950இல் பவலுக்கு நோபல் பரிசு கிடைத்தது. பிரிஸ்டலிலும் உருப்பெருக்கியின் முன்னமர்ந்து தடம் தேடியவர்கள் பெரும்பாலும் இளம் பெண்களே. பை மெசானின் சிதைவை முதலில் கண்டெடுத்த கண் மரியட்டா குர்ஸ் என்ற பெண்ணின் கண்.

பிபா அம்மையாரின் நோபல் பரிசு களவு போயிற்று என்று எழுதுவோர் உளர். நாம் அவ்வளவு தூரம் போக மாட்டோம். இரு வகை மெசான்களையும் பிரித்துக் காட்டியது பவல் குழுவே. கல்கத்தாத் தகடுகளில் அது இயலவில்லை. பவலும் பிற்காலத்தில் எழுதிய நூலில், தடத்தின் நெளிவைக் கொண்டு எடை காணும் முறையைப் போஸும் சௌத்ரியும் முன்பே கையாண்டதை மறைக்காமல் குறித்துள்ளார். ஆனால் அறிவும் உழைப்பும் குறைந்ததனால் அவர்கள் பின்தங்கவில்லை. நல்ல தகடு கிடைக்காமையால் பின்தங்கினர். இதை மட்டும் அழுத்திச் சொல்வோம். மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரியில் பாறை ஒன்றில் சிலருடைய பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. அவை அங்குப் பணியாற்றிய சிற்பிகளின் பெயர்கள் என்பர். கடற்கரைக் கோயிலைக் காண வரும் கூட்டத்தில் எத்தனை பேர் பூஞ்சேரிக்குப் போகிறார்கள்? பவல் நூலின் அக்குறிப்பும் அத்தகையதே. தேடிப் போகிறவனுக்கே தென்படும்.

1945இல் அம்மையார் இங்கிலாந்து சென்று மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேட்ரிக் பிளாக்கெட்டின் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். ஒரே துகள் காற்று மண்டலத்தில் மோதிப் பல்லாயிரம் துகள்களாகப் பொழியும் காற்றுப் பொழிவைப் பற்றி ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார். அந்நகரச் செய்தித்தாள் ஒன்று அவரைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. இயற்பியலில் பெண்கள் இவ்வளவு குறைவாயிருப்பது பெருங்கேடு என்று அவர் அதில் வருந்தியிருந்தார்.

அவர் மான்செஸ்டரில் இருந்த காலத்திலேயே, அதே ஆய்வுக்கூடத்தில் ராச்செஸ்டர், பட்லர் என்ற இருவர் 1947இல் வி வடிவத் தடங்களைக் கண்டனர். அதுவரை அறியப்படாத துகள்கள் சிதைந்த தடங்கள் அவை. இயல்புக்கு மாறாக நெடுநேரம் உயிர்தரித்ததால் அவற்றை விந்தைத் துகள்கள் என்றனர். அவற்றுள் புரோட்டானைவிட எடை மிகுந்தவற்றுக்கு ஹைப்பரான் என்று பெயர். ஹைப்பரான்களில் எளியதாகிய லாம்டாவை 1950இல் ஆஸ்திரேலியாவில் இனங்கண்ட இருவரில் ஒருவர் நம் நாட்டவரான பிஸ்வாஸ். அதுவும் ஒளிப்படப் பூச்சில் கண்ட தடமே.

போஸும் பிபா அம்மையாரும் தொடக்கத்தில் நடந்த பாதை எங்கே போய்ச் சேர்ந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். போரில் இடிந்து மீண்டெழுந்துகொண்டிருந்த போலந்தின் வார்சா நகரில், 1952இல் மரியான் டானிஷ், யெர்சி ப்னியெவ்ஸ்கி என்ற இருவர், பலூனில் ஏறத்தாழ 26 கிலோமீட்டர் உயரம் சென்று வந்த ஒளிப்படப் பூச்சு ஒன்றை ஆராய்ந்தனர். அண்டக் கதிர் மோதி ஓர் அணுக்கரு சிதறியிருந்தது. அதிலிருந்து தெறித்த துண்டு ஒன்று சிறிது தொலைவு சென்று நின்றது. நின்ற இடத்தில் தானே மீண்டும் வெடித்திருந்தது. சாதாரண அணுக்கருத் துண்டு நின்றபின் இவ்வாறு வெடிக்கக் காரணமில்லை. துண்டினுள் லாம்டா ஒன்று சிக்கியிருக்க வேண்டும், அது சிதைந்தபோது துண்டும் சிதறியது என்று அவர்கள் கண்டனர். புரோட்டான், நியூட்ரான் ஆகியவற்றோடு ஹைப்பரானும் கலந்து குடியிருக்கும் இத்தகைய கருவுக்கு ஹைப்பர் அணுக்கரு என்று பெயர். ஒரு நொடியை ஆயிரம் கோடிக் கூறுகளாக்கினால், தனித்த லாம்டாவின் வாழ்நாள் அவற்றில் இரண்டரைக் கூறு அளவே. அதற்குள் அது சிக்கியிருந்த துண்டு ஒரு தடத்தை விட்டுச் செல்கிறது!

இதில் இன்னொரு நயம் உண்டு. அணுக்கருவினுள் புரோட்டான்களும் நியூட்ரான்களும் தத்தமக்கு வகுத்த படிகளில் அமர்ந்திருக்கின்றன. உள்படிகள் நிரம்பிவிட்டால் அதே இனத்துப் புதியதற்கு வெளிப்படியில்தான் இடம். வேற்றினமாகிய லாம்டாவையோ இந்த விதி தடுப்பதில்லை. அது நேரே நடுவீட்டுக்குள் சென்று அமரலாம். சேரியிலிருந்து வந்தவன் திண்ணையோடு நிற்க வேண்டும் என்ற நம் ஊர் வழக்கத்தை அணுக்கரு கற்றுக்கொள்ளவில்லை போலும். உட்சென்ற லாம்டா எவ்வளவு இறுக்கமாகப் பிணைக்கப்படுகிறது என்று அளந்தே, ஹைப்பரானுக்கும் அணுக்கருவுக்கும் இடையிலுள்ள விசையை அறிகிறார்கள். அவ்விசை புரோட்டான், நியூட்ரான்களைப் பிணைக்கும் விசையைவிடச் சற்றுக் குறைந்தது. சூரியனினும் எடை மிகுந்து, ஒரு நகரத்தின் அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும் நியூட்ரான் விண்மீன்களின் உள்ளே ஹைப்பரான்கள் இருக்கின்றனவா என்ற கேள்விக்கும் இவ்வளவை தேவைப்படுகிறது. இருமடங்கு சூரிய எடையுள்ள அத்தகைய விண்மீன் ஒன்றை 2010இல் கண்டதிலிருந்து அக்கேள்வி இன்னும் சிக்கலாயிற்று. இன்று இவ்வாராய்ச்சி பெரும் முடுக்கிகளில் நடைபெறுகிறது. ஆயினும் ஜப்பானியர் ஒளிப்படப் பூச்சை இன்னும் கைவிடவில்லை. இரண்டு லாம்டாக்கள் ஒருங்கே குடியிருந்த கரு ஒன்றின் தெளிவான தடத்தை 2001இல் அதில்தான் கண்டு வெளியிட்டனர்.

அம்மையாரின் வரலாற்றுக்குத் திரும்புவோம். 1949இல் ஹோமி பாபா அவரைப் பம்பாயில் தாம் நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சேர்த்துக்கொண்டார். அந்நிறுவனத்தின் முதல் பெண் ஆராய்ச்சியாளர் அவரே. சில ஆண்டுகள் அங்கும் வெளிநாடுகளிலும் பணியாற்றியபின் ஆமதாபாத்தின் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்தார். அங்கிருந்து அவருடைய ஆராய்ச்சி மலை உச்சிக்குப் பதிலாகப் பாதாளத்தை நாடிற்று. பூமியைத் துளைத்து ஆழம் வரை செல்லும் துகள்களை அறிய, கோலார் தங்கவயல் சுரங்கத்தில் கருவிகள் வைத்து ஆராய்ந்தார்.

கோலார் என்றதும் நம் சமுதாயத்துப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்காருவர். 1880களிலிருந்து அச்சுரங்கங்களில் இறங்கிப் பாறை உடைத்தவர்களில் பெரும்பகுதியினர் வட ஆர்க்காட்டிலிருந்தும் அதைச் சூழ்ந்த மாவட்டங்களிலிருந்தும் சென்ற நம் மக்கள். நம் பெரியப்பா ஒருவரும் அங்கே வேலை செய்தவர். இரும்புச் சட்டங்களையும் பெட்டிகளையும் கூண்டில் இறக்கி, வெப்பம் தகிக்கும் குடைவுகளுக்குச் சுமந்து சென்று வைத்ததையும், கண்ணாடி அணிந்த இளைஞர்கள் இரவும் பகலும் அவற்றின் அருகே அமர்ந்திருந்ததையும் அவர் சொல்லக் கேட்டிருக்கிறோம். அப்பெட்டிகளில் எது எவருடையது என்று அவருக்குத் தெரியாது. 1965இல் காற்று மண்டலத்தில் பிறந்த நியூட்ரினோவின் தடத்தை உலகில் முதன்முதலாகக் கண்ட இடங்களில் ஒன்று அச்சுரங்கம். அதுவும் ஏறத்தாழ 2.3 கிலோமீட்டர் ஆழத்தில். அந்த ஆழத்தைத் தோண்டியவர்கள் தங்கத்திற்காகத் தோண்டினர். அறிவியலுக்கும் அது பயன்பட்டது. சுரங்கம் 2001இல் மூடப்பட்டது. நம் பெரியப்பா நெஞ்சுச் சளியோடு ஊர் திரும்பி, நெடுநாள் இருமி மறைந்தார். ஆராய்ச்சிக் கட்டுரைகளில் அவரைப் போன்றோர் பெயர் வருவதில்லை. பிபா அம்மையாரின் பெயரை ஒரு தலைமுறை மறந்ததென்றால், கருவிகளைச் சுமந்து இறங்கியவர்களின் பெயரை எவரும் எழுதியே வைக்கவில்லை.

1971 டிசம்பரில் விக்ரம் சாராபாய் திடீரென மறைந்தார். அபு மலையில் அம்மையார் செய்யத் திட்டமிட்டிருந்த ஆராய்ச்சி அதன்பின் நிறைவேறவில்லை. அவர் தாமாகவே ஓய்வு பெற்றுக் கல்கத்தா திரும்பினார். அங்கும் சும்மா இருக்கவில்லை. சாகா அணுக்கரு இயற்பியல் நிறுவனத்தாரோடும் பிறரோடும் சேர்ந்து முதுமையிலும் ஆய்வைத் தொடர்ந்தார். 1991 ஜூன் 2ஆம் நாள் காலமானார். நாட்டின் பெரிய அறிவியல் கழகங்கள் எதுவும் அவரை உறுப்பினராகத் தேர்ந்தெடுக்கவில்லை. அரசு விருது எதுவும் அவரைத் தேடி வரவில்லை.

2018இல் அறிஞர் இருவர் அவர் வாழ்க்கையை ஆராய்ந்து ஆங்கிலத்தில் நூல் வெளியிட்டனர். அடுத்த ஆண்டு உலக வானியல் கழகம், ஒவ்வொரு நாடும் ஒரு விண்மீனுக்கும் அதைச் சுற்றும் கோளுக்கும் பெயரிடலாம் என்று அறிவித்தது. நம் நாட்டுக்கு ஒதுக்கிய விண்மீனுக்குப் பிபா என்ற பெயரைக் கல்லூரி மாணவர் ஒருவர் முன்மொழிந்தார். அக்கோளுக்குச் சந்தமசா என்ற பெயரை முன்மொழிந்தவர் பள்ளிச் சிறுவர்.

அவ்விண்மீன் சிம்ம மண்டலத்திற்குத் தெற்கே உள்ளது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் முன்னிரவில் நம் கடற்கரையிலிருந்து நோக்கினால் அப்பகுதி தலைக்கு மேலே நிற்கும். வெறுங்கண்ணுக்கு விண்மீன் புலப்படாது. சிறிய தொலைநோக்கி ஒன்று வேண்டும். சங்கத்தின் நூலகத்துக்கு அத்தகைய தொலைநோக்கி ஒன்று வாங்குவதற்கான தீர்மானத்தை வரும் பொதுக்குழுவில் நாமே முன்மொழிய இருக்கிறோம். வழிமொழிய முன்வரும் உறுப்பினர்கள் கூட்டத்திற்கு முன்னரே செயலாளரிடம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறோம்.